‘பிரிண்டர் எதுவும் கிடைக்கவில்லை’: ஒரு சின்ன வசனத்தின் நீண்ட கதை

போன வருடம் ஒரு திங்கட்கிழமை. காலை எட்டரைக்கு அசைன்மென்ட் கையில கொடுக்க வேணும். ஏழு மணிக்கு நாங்கள் மூன்று பேர் போர்டிங் வீட்டுக் கூடத்தில் ஒரு பிரிண்டரைச் சுற்றி நிற்கிறம். மூன்று பேரும் காசு சேர்த்து செகண்ட் ஹாண்டில் வாங்கின பிரிண்டர். தாள் இருக்கு, மை இருக்கு, வைஃபை லைட்டும் அசையாமல் எரியுது. ஆனால் போனில் பிரிண்ட் எண்டதை அமத்தினால் ஒரு வட்டம் சுத்திச் சுத்தி, கடைசியில் ஒரு வசனம்தான் வருது: பிரிண்டர் எதுவும் கிடைக்கவில்லை.

“உன்ர போன் பழுது மச்சான்.”

“உன்ர போனிலயும் அதுதானே காட்டுது.”

பிரிண்டரை நிப்பாட்டிப் போட்டோம். போனை நிப்பாட்டிப் போட்டோம். அப்பை அழித்துத் திரும்ப இறக்கினோம். ஒருத்தன் பிரிண்டரைத் தூக்கி ரவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான், பக்கத்தில் இருந்தால் கண்ணுக்குத் தெரியும் எண்ட மாதிரி. எட்டு மணியாகிவிட்டது. கடைசியில் சந்தியில் இருக்கிற கொமினிகேஷனுக்கு ஓடி, அண்ணையின்ர நம்பருக்கு வாட்ஸ்அப்பில் ஃபைலை அனுப்பி, பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். அண்டைக்கு முழுக்க எங்களுக்குக் கிடைத்த விளக்கம் ஒன்றுதான்: “ஆர்ட்ஸ் பெடியளுக்கு இதெல்லாம் விளங்காது.”

அந்த வசனம்தான் எனக்கு உறுத்தியது. வேலை செய்யாத ஒரு பொருளுக்கு முன்னால் நிற்கும்போது எங்களில் கனபேர் முதலில் எங்களைத்தான் சந்தேகப்படுகிறோம். ஆனால் அந்த வட்டம் ஏன் சுத்துது எண்டு தேடிக்கொண்டு போனபோது எனக்குக் கிடைத்தது வரலாறு. எங்களுக்கு வரும் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு வருடம் இருக்கிறது, ஒரு இடம் இருக்கிறது, அந்த இடத்தில் யாரோ எடுத்த ஒரு முடிவு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பிழையைத் தேடுகிற விதமே மாறிவிடும். அன்றைக்கு எங்கட பிரிண்டருக்கு உண்மையில் என்ன நடந்தது எண்டதைக் கடைசியில் சொல்றன்.

ஒரு பிரிண்டர், பல கொம்பியூட்டர்

நெட்வேர்க் என்பது முதலில் இருந்தது, பிறகுதான் பிரிண்டரை அதில் கொண்டுபோய்க் கொழுவினார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கதை அப்படி இல்லை.

கேரி ஸ்டார்க்வெதர் என்பவர் ஸெரொக்ஸ் கொம்பனியின் ஆய்வாளர். லேசர் ஒளியால் ஒரு பக்கத்தை வரையலாம் என்ற யோசனை 1960களின் கடைசியில் அவருக்கு வந்தது. வேலை செய்த இடத்தில் அதற்குப் பெரிய ஆதரவு கிடைக்கவில்லை. 1971இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் இருந்த ஸெரொக்ஸ் ஆய்வு நிலையத்துக்கு மாறிப் போனார். லேசர் பிரிண்டர் அங்கேதான் உருவானது. அதே நிலையத்தில் 1973இல் ‘ஆல்ட்டோ’ என்ற கொம்பியூட்டரும் வந்தது. ஆளுக்கொரு கொம்பியூட்டர் என்பது அந்த இடத்தின் கனவு. ஆனால் ஆளுக்கொரு லேசர் பிரிண்டர் என்பது நினைத்தும் பார்க்க முடியாத செலவு. பல ஆல்ட்டோக்கள் ஒரே பிரிண்டருக்கு வேகமாகப் பக்கங்களை அனுப்ப வேண்டும் என்ற தேவை எழுந்தது. 1973 மே மாதத்தில் ரொபர்ட் மெட்காஃப் ‘ஈதர்நெட்’ பற்றிய குறிப்பை எழுதியதற்குப் பின்னால் இருந்த காரணங்களில் இதுவும் ஒன்று. இன்றைக்கு ரவுட்டருக்குப் பின்னால் குத்துகிற கேபிள் அந்த ஈதர்நெட்டின் வழி வந்ததுதான்.

ஆக, ஒரு பிரிண்டரைப் பலர் பங்குபோடுவது என்பது எங்கட போர்டிங் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. நெட்வேர்க் பிறந்ததற்கே அது ஒரு காரணம். பங்குபோடத் தொடங்கியவுடன் நான்கு கேள்விகளும் கூடவே வந்தன. பிரிண்டர் எங்கே இருக்கிறது? அதற்கு என்ன மொழி விளங்கும்? அதற்கு இப்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது? அதைப் பாவிக்க யாருக்கு அனுமதி? இன்றைக்கு வரைக்கும் போனில் இருந்து பிரிண்ட் எடுக்க முடியாமல் போனால், இந்த நான்கில் ஒன்றுக்குத்தான் பதில் கிடைக்காமல் இருக்கும்.

சிக்கிய தாள்

மூன்றாவது கேள்விக்கு ஒரு பிரபலமான கதை உண்டு. 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்துக்கு ஸெரொக்ஸ் ஒரு புதிய லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. அங்கே வேலை செய்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். முதலில் இருந்த பழைய பிரிண்டரில் தாள் அடிக்கடி சிக்கும். பிரிண்ட் கொடுத்தவர்கள் தங்கள் மேசையில் இருந்து காத்துக்கொண்டிருப்பார்கள். பிரிண்டரோ தாள் சிக்கியபடி வேறொரு இடத்தில் சும்மா நிற்கும். சிக்கலை எடுத்துவிட ஒருவரும் போகமாட்டார்கள், ஏனெண்டால் சிக்கியது ஒருவருக்கும் தெரியாது.

ஸ்டால்மன் அந்தப் பழைய பிரிண்டரின் மென்பொருளில் ஒரு மாற்றம் செய்தார். தாள் சிக்கினால் பிரிண்டுக்காகக் காத்திருக்கிறவர்களின் திரையில் ஒரு செய்தி வரும். அவர்களில் யாராவது எழும்பிப் போய்த் தாளை இழுத்துவிடுவார்கள். சின்னத் தீர்வு. புதிய பிரிண்டருக்கும் அதையே செய்ய நினைத்தார். ஆனால் அதன் மூலநிரலை, அதாவது மனிதர் வாசித்துத் திருத்தக்கூடிய வடிவத்தை, ஸெரொக்ஸ் கொடுக்கவில்லை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருக்கிறது என்று கேள்விப்பட்டு நேரில் போய்க் கேட்டார். வெளியே கொடுக்கமாட்டேன் என்று ஒப்பந்தம் செய்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார்.

இந்தக் கதையை ஸ்டால்மன் பிற்காலத்தில் பல உரைகளில் சொல்லியிருக்கிறார். 1983 செப்ரெம்பரில் அவர் அறிவித்த குனூ திட்டத்துக்கும், சுதந்திர மென்பொருள் இயக்கத்துக்கும் பின்னால் இருந்த அனுபவங்களில் இதுவும் ஒன்று. அந்த இயக்கத்தில் உருவான உரிமத்தின் கீழ்தான் இன்றைக்கு ஆண்ட்ரொய்டு போன்களின் அடியில் ஓடுகிற லினக்ஸ் கேர்னலும் வெளிவருகிறது. ஒரு தாள் சிக்கியதும், அதை ஏன் என்று கேட்க முடியாமல் போனதும் எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறது பாருங்கள். ஸ்டால்மனுக்குப் பிரிண்டர் பழுதானது பெரிய விசயமாக இருக்கவில்லை. பழுதைத் தெரிந்துகொள்ளவும் திருத்தவும் தனக்கு வழி அடைக்கப்பட்டதுதான் விசயம்.

மொழி

1985இல் அப்பிள் கொம்பனி ‘லேசர்ரைட்டர்’ என்ற பிரிண்டரை விற்பனைக்கு விட்டது. விலை 6,995 டொலர். அன்றைய மக்கின்டோஷ் கொம்பியூட்டரின் மூளை 8 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. இந்தப் பிரிண்டருக்குள் இருந்த மூளையின் வேகம் 12 மெகாஹேர்ட்ஸ். கொம்பியூட்டரை விடப் பிரிண்டர் கெட்டிக்காரப் பிள்ளை! காரணம் அடோபி கொம்பனியின் ‘போஸ்ட்ஸ்கிரிப்ட்’. ஒரு பக்கத்தில் எந்த எழுத்து எந்த இடத்தில் எந்த அளவில் வரவேண்டும் என்பதை விவரிக்கும் மொழி அது. கொம்பியூட்டர் விவரிக்கும், அதை வாசித்துப் பக்கத்தை வரைவது பிரிண்டரின் வேலை.

லேசர்ரைட்டரின் விலை காரணமாக அதையும் ஒரு அலுவலகமே பங்குபோட வேண்டியிருந்தது. அதற்கு அப்பிள் ‘அப்பிள்டோக்’ என்ற தன் சொந்த நெட்வேர்க் முறையை வைத்திருந்தது. அதில் ஒரு அருமையான வசதி இருந்தது: கேபிளைக் கொழுவிவிட்டு ஒரு பட்டியலைத் திறந்தால் பிரிண்டரின் பெயர் தானாக வந்து நிற்கும். இலக்கம் ஒன்றும் அடிக்கத் தேவையில்லை.

ஆனால் ஒவ்வொரு கொம்பனியும் தன் பிரிண்டருக்குத் தனி மொழி வைத்துக்கொண்டது. அதனால்தான் ‘டிரைவர்’ என்ற ஒன்று வந்தது. ஒவ்வொரு மொடலுக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் மாதிரி. பிரிண்டரோடு வந்த சீடியைத் துலைத்துவிட்டுத் தேடி அலைந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். போனில் சீடி போட முடியாது. அந்தச் சிக்கல் பிறகு வந்து கதவைத் தட்டியது.

முகவரி

1990களில் இன்ரநெற் பரவியது. அப்பிள்டோக் மாதிரியான சொந்த முறைகள் மெல்ல மெல்லப் பின்வாங்கி, எல்லாக் கருவிகளும் ஐபி முகவரிக்கு வந்தன. உலகம் முழுக்க ஒரே முறை என்பது நல்ல விசயம்தான். ஆனால் ‘பெயரைப் பார், தெரிவுசெய்’ என்ற வசதி அதோடு காணாமல் போய்விட்டது. பிரிண்டருக்கு நான்கு துண்டு இலக்கம் ஒன்றைக் கொடுத்து, அதைக் கொம்பியூட்டரில் பிழையில்லாமல் அடிக்க வேண்டும்.

இலக்கங்களைக் கையால் கொடுப்பது பெரிய தலையிடி என்பதால், 1993இல் டிஎச்சிபி என்ற முறை தரமாக்கப்பட்டது. நெட்வேர்க்கில் சேருகிற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரியை ரவுட்டர் வாடகைக்குக் கொடுக்கும். தவணை முடிந்து திரும்பச் சேரும்போது வேறு முகவரியும் கிடைக்கலாம். ‘நேற்று வரைக்கும் வேலை செய்தது, இண்டைக்கு ஓஃப்லைன் எண்டு காட்டுது’ என்ற புகாருக்கு இது அடிக்கடி வருகிற காரணம். போன் பழைய முகவரிக்கே ஆளனுப்பிக்கொண்டிருக்கும். பிரிண்டர் வீடு மாறியிருக்கும். ரவுட்டரின் அமைப்புக்குள் போய் பிரிண்டருக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் இது திரும்ப வராது.

1999இல் இன்னொரு தரம் வந்தது: ஐபிபி, இன்ரநெற் வழியாகப் பிரிண்ட் எடுப்பதற்கான பொது முறை. இதில் எனக்குப் பிடித்த பகுதி, பிரிண்டர் தன் நிலைமையைச் சொல்வதற்கென்று அது ஒதுக்கிய சொற்கள். தாள் சிக்கிவிட்டது, தாள் முடிந்துவிட்டது, மூடி திறந்திருக்கிறது, டோனர் குறைவு என்று ஒவ்வொன்றுக்கும் எல்லாக் கொம்பனிகளுக்கும் பொதுவான ஒரு சொல். ஸ்டால்மன் தன் கையால் செய்த அந்தச் செய்தி, ஏறத்தாழ இருபது வருடத்துக்குப் பிறகு ஒரு உலகத் தரத்துக்குள் வந்துவிட்டது. இன்றைக்குப் போனில் ‘தாள் இல்லை’ என்று வந்தால் அதற்குப் பின்னால் இருக்கிறது இந்த வரலாறு.

கூப்பிட்டுப் பார்த்தல்

காணாமல் போன அந்த அப்பிள்டோக் வசதியைத் திரும்பக் கொண்டுவர ஒருவர் விடாமல் நின்றார். அவர் பெயர் ஸ்டூவர்ட் செஷயர். ஐபி நெட்வேர்க்கிலும் ஒன்றும் அமைக்காமல் கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். 2002இல் அப்பிள் அதை ‘ரான்டேவூ’ என்ற பெயரில் தன் மக் கொம்பியூட்டர்களில் வெளியிட்டது. 2005இல் பெயர் ‘போன்ஜூர்’ ஆனது. 2013இல் அது எல்லாரும் பாவிக்கக்கூடிய இன்ரநெற் தரமாக எழுதப்பட்டது.

இது வேலை செய்கிற விதம் மிகவும் எளிது. 224.0.0.251 என்று ஒரு பொது முகவரி இருக்கிறது. பிரிண்ட் எடுக்கப் போகும்போது போன் அந்த முகவரிக்கு ஒரு கேள்வியை அனுப்பும். எங்கட பேச்சில் சொன்னால், முற்றத்தில் நின்று “இஞ்ச பிரிண்டர் ஆரும் இருக்கிறியளோ?” எண்டு கூப்பிடுவது மாதிரி. கேட்ட பிரிண்டர் “நான் இருக்கிறன், என்ர பெயர் இது, முகவரி இது, எனக்கு விளங்கிற மொழி இது” என்று பதில் சொல்லும். போனில் வட்டம் சுத்துகிற அந்த நேரம்தான் இந்தக் கூப்பாடு நடக்கிற நேரம்.

ஆனால் இந்தக் குரலுக்கு ஒரு எல்லை உண்டு. அது ஒரு வளவுக்குள்தான் கேட்கும். ரவுட்டரைத் தாண்டி அடுத்த நெட்வேர்க்குக்குப் போகக்கூடாது என்று வேண்டுமென்றேதான் அப்படி அமைத்தார்கள். இல்லாவிட்டால் உலகத்தின் எல்லாக் கருவிகளும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு இருக்கும். வீட்டுக்கு இந்த எல்லை சரி. பெரிய இடங்களுக்குச் சரிவரவில்லை.

அது பல்கலைக்கழகங்களில் வெளிப்பட்டது. 2010 நவம்பரில் ஐபோன், ஐபேட் இரண்டுக்கும் ‘எயார்பிரிண்ட்’ வந்தது. ஐபோன் வந்தது 2007இல். பிரிண்ட் எடுக்கிற வசதி வர மூன்று வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது. எயார்பிரிண்ட் அடியில் போன்ஜூரையும் ஐபிபியையும்தான் பாவிக்கிறது. தொடக்கத்தில் எச்பி கொம்பனியின் சில மொடல்கள் மட்டுமே அதற்குப் பதில் சொல்லின. மாணவர்கள் அந்தப் போன்களோடு கம்பஸுக்குள் வந்தார்கள். அங்கே மாணவர் வைஃபை ஒரு நெட்வேர்க், அலுவலகம் இன்னொன்று, நூலகம் வேறொன்று. கூப்பிட்டால் ஒருவருக்கும் கேட்கவில்லை. 2012இல் அமெரிக்க உயர்கல்வி நிறுவனங்களின் வைஃபை நிர்வாகிகள் சேர்ந்து, இதைத் திருத்தித் தரும்படி அப்பிளுக்கு ஒரு மனுவே கொடுத்தார்கள். அந்தக் கோரிக்கை பிறகு இன்ரநெற் தரங்களை எழுதுகிற அமைப்பின் ஆவணங்களிலும் இடம்பிடித்தது. கம்பஸ் வைஃபையில் பிரிண்டர் தெரியவில்லை என்று நாங்கள் முழிக்கிறது, உலகத்தில் எத்தனையோ கம்பஸ்கள் ஏற்கெனவே முழித்த முழி.

டிரைவர் இல்லாத காலம்

ஆண்ட்ரொய்டு பக்கம் இன்னும் பிந்தியது. 2013இல் வந்த ஆண்ட்ரொய்டு 4.4தான் பிரிண்ட் வசதியை இயங்குதளத்துக்குள் கொண்டுவந்தது. அதே வருடம் கனன், எச்பி, சாம்சுங், ஸெரொக்ஸ் நான்கும் சேர்ந்து ‘மொப்ரியா’ என்ற கூட்டமைப்பை உருவாக்கின. சந்தையில் அடிபடுகிற கொம்பனிகள் ஒரே மேசையில் இருந்ததற்குக் காரணம் பயம் என்றுதான் நினைக்கிறேன். போனில் பிரிண்ட் எடுப்பது கஷ்டமாகவே இருந்தால், ஒரு தலைமுறை பிரிண்ட் எடுப்பதையே மறந்துவிடும். 2017இல் வந்த ஆண்ட்ரொய்டு 8இல் இருந்து மொப்ரியா முறை போனுக்குள்ளேயே வருகிறது. கொம்பனியின் அப் இல்லாமலே பிரிண்ட் எடுக்கலாம்.

இங்கேதான் மொழிப் பிரச்சினைக்கும் ஒரு விடை கிடைத்தது. ஒவ்வொரு மொடலுக்கும் ஒரு டிரைவர் வைத்திருக்கப் போனால் முடியாது. அதனால் போனே பக்கத்தை முழுக்க வரைந்து, படம் மாதிரி அனுப்பக்கூடிய பொது வடிவங்கள் வந்தன. 1985இல் கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தது பிரிண்டர். இப்போது வரைகிற வேலை எங்கள் சட்டைப்பைக்குள் இருக்கிற போனுக்கு வந்துவிட்டது.

இதில் தமிழ் ஆக்களுக்கென்று ஒரு பிழை உண்டு. இலங்கையில் இன்னும் எவ்வளவோ ஆவணங்கள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினி யூனிகோட் இல்லை. உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளி உள்ளே இருப்பது அரைப்புள்ளியாக. போனில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் சட்டை கழன்றுவிடும். ‘அம்மா’ என்று அடித்தது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாக வரும். பிரிண்டரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. அது போன் வரைந்து கொடுத்ததை அப்படியே அடித்திருக்கிறது. யூனிகோட்டில் தமிழ் 1991இலேயே இடம்பிடித்துவிட்டது. ஆனால் எங்கட அலுவலகங்களும் அச்சகங்களும் பழைய பழக்கத்தை விடவில்லை. பாமினி இருக்கிற கொம்பியூட்டரிலேயே எழுத்துருவையும் உள்ளே சேர்த்து பிடிஎஃப் ஆக்கிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. 1993இல் வந்த பிடிஎஃப் இதற்காகவே பிறந்தது: எங்கே திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

மேகத்தில் ஒரு பிரிண்டர்

2010இல் கூகுள் வேறொரு வழியைக் கொண்டுவந்தது. பெயர் ‘கிளவுட் பிரிண்ட்’. முற்றத்தில் நின்று கூப்பிடத் தேவையில்லை. ஃபைல் கூகுளுக்குப் போகும்; கூகுள் அதை உங்கள் பிரிண்டருக்கு அனுப்பும். பிரிண்டர் எந்த நெட்வேர்க்கில் இருந்தாலும், நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் பிரச்சினை இல்லை. ‘எங்கே’ என்ற கேள்வியை அது ஒரேயடியாகத் தீர்த்தது. பாடசாலைகளும் சின்ன அலுவலகங்களும் அதை நம்பின. அதற்கென்றே முத்திரை குத்தின பிரிண்டர்களும் விற்பனைக்கு வந்தன.

2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு கூகுள் அதை மூடிவிட்டது. ஒரு வருடத்துக்கு முதலே அறிவித்தது உண்மைதான். ஆனால் அந்த வழியை மட்டும் நம்பி இருந்தவர்களுக்கு, பிரிண்டர் வீட்டில் நல்ல நிலையில் இருந்தும், ஜனவரி 1ஆம் திகதி போனில் இருந்து பிரிண்ட் எடுக்க முடியவில்லை. பொருள் உங்களுடையது, ஆனால் அதற்குப் போகிற ஒழுங்கை இன்னொருவரின் காணிக்குள்ளால் போகிறது என்றால் இதுதான் நடக்கும். ஊரில் ஒழுங்கைச் சண்டை பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எங்களிடமும் ஒரு கிளவுட் பிரிண்ட் இருக்கிறது. கொமினிகேஷன் கடையின் வாட்ஸ்அப் நம்பர்தான் அது. வீட்டில் பிரிண்டர் இல்லாதவர்களுக்கும், இருந்தும் வேலை செய்யாதவர்களுக்கும் அதுதான் கைகொடுக்கிறது. ஃபைல் அனுப்பினால் அரை மணித்தியாலத்தில் தாளாக வரும். அந்த அண்ணைமாரின் உதவியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அண்டைக்கு எங்களைக் காப்பாற்றினதும் அவர்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், மருத்துவ அறிக்கை எல்லாம் அந்த நம்பருக்குத்தான் போகிறது. அந்தக் கொம்பியூட்டரில் எவ்வளவு காலம் கிடக்கிறது எண்டு நாங்கள் கேட்கிறோமா? “பிரிண்ட் எடுத்தாப் பிறகு அழிச்சு விடுங்கோ அண்ணை” என்று சொல்லக்கூட எங்களுக்கு ஒரு கூச்சம். பக்கத்தில் இருக்கிற பிரிண்டரைப் போன் கண்டுபிடிக்கவில்லை என்பது சின்ன விசயம் மாதிரித் தெரிந்தாலும், அதற்காக நாங்கள் எங்கட காகிதங்களை எங்கெங்கே அனுப்புகிறோம் என்பது சின்ன விசயம் இல்லை.

திரும்ப அந்தக் கூடத்துக்கு

இந்த வரலாறு தெரிந்த பிறகு நான் பிழை தேடுகிற ஒழுங்கு மாறிவிட்டது. முதலில் அப்பை அழித்துத் திரும்ப இறக்குவதில்லை. நான்கு கேள்விகளையும் வரிசையாகக் கேட்கிறேன்.

எங்கே? போனும் பிரிண்டரும் ஒரே வளவுக்குள் நிற்கின்றனவா? போன் வைஃபையில் நிற்கிறதா, டேட்டாவில் நிற்கிறதா? விபிஎன் போட்டிருந்தால் நிப்பாட்டிப் பார்க்க வேண்டும். அது போனை வேறொரு வளவுக்குள் கொண்டுபோய் விட்டிருக்கலாம். பழைய பிரிண்டர்கள் பலதுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். ரவுட்டர் 5இல் மட்டும் ஓடினால் அவற்றால் சேரவே முடியாது. பிரிண்டரின் மெனுவில் நெட்வேர்க் அறிக்கை ஒன்றை அடிக்கலாம். அது எந்த வைஃபையில் நிற்கிறது, முகவரி என்ன என்று அந்தத் தாளே சொல்லும்.

என்ன நடக்கிறது? அந்த முகவரியைப் போனின் பிரவுசரில் அடித்துப் பாருங்கள். பெரும்பாலான வைஃபை பிரிண்டர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு சின்னப் பக்கம் வைத்திருக்கின்றன. அந்தப் பக்கம் திறந்தால் வழி சரி; பிழை வேறெங்கோ. தாள், மை, சிக்கல் எல்லாம் அதிலேயே காட்டும். முன்னால் அனுப்பின வேலை ஒன்று வரிசையில் முடங்கிக் கிடந்தால் அதை அழித்துவிட்டுப் பார்க்க வேணும்.

என்ன மொழி? முதலில் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். ஒரு சாதாரணப் படம் அச்சாகி, ஆவணம் மட்டும் அச்சாகாவிட்டால் சந்தேகப்பட வேண்டியது ஃபைலை.

யாருக்கு அனுமதி? 2020இல் வந்த ஐஓஎஸ் 14இல் இருந்து, பக்கத்துக் கருவிகளைத் தேட ஒவ்வொரு அப்பும் அனுமதி கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று அமத்தியிருந்தால் கொம்பனியின் அப்புக்குப் பிரிண்டர் தெரியாது. இவை ஒன்றும் சரிவராவிட்டால் ‘வைஃபை டிரெக்ட்’ இருக்கிறது. ரவுட்டரே இல்லாமல் போனும் பிரிண்டரும் நேராகக் கை கொடுக்கிற முறை. அதுவும் 2010இல் வந்ததுதான்.

எங்களுக்கு விடை கிடைத்தது நெட்வேர்க் அறிக்கையில். பிரிண்டரை முதல் நாள் அமைத்துத் தந்தது வீட்டுக்கார ஆன்ட்டியின் பேரன். அவன் அதை வீட்டு வைஃபையில் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறான். எங்களுக்குத் தந்திருந்தது ‘கெஸ்ட்’ வைஃபை. ரவுட்டர் ஒன்றுதான், ஆனால் நடுவில் வேலி. கெஸ்டில் நிற்கிறவர்கள் வீட்டுக்குள் இருக்கிற கருவிகளைப் பார்க்கக்கூடாது என்பதற்காகவே அந்த வசதி இருக்கிறது. அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. பிரிண்டரில் பிழை இல்லை, போனில் பிழை இல்லை, எங்களிலும் பிழை இல்லை. நாங்கள் ஒரு வளவில் நின்று கூப்பிட்டிருக்கிறோம், பிரிண்டர் வேலிக்கு அங்கால நின்றிருக்கிறது.

பிரிண்டரையும் கெஸ்டுக்குள் கொண்டுவந்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் எங்கட ரவுட்டரில் கெஸ்டில் நிற்கிற கருவிகளும் ஒன்றையொன்று பார்க்க முடியாது. கடைசியில் மூன்று பேரும் போய் ஆன்ட்டியிடம் விசயத்தைச் சொன்னோம். எல்லாத்தையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: “இதை முதலே கேட்டிருக்கலாமே பிள்ளையள். பாஸ்வேர்டைத் தாறன். ஆனால் எனக்கும் மாசத்தில இரண்டு தாள் அடிச்சுத் தரவேணும்.”

போனை வீட்டு வைஃபைக்கு மாற்றினோம். வட்டம் ஒரு தரம் சுத்தியது. பிரிண்டரின் பெயர் வந்து நின்றது. முதலில் அடித்தது ஆன்ட்டியின் தண்ணீர் பில்.